பழைய லேப்டாப், புது ரவுட்டர்: ஃபார்மட் அடிப்பதற்கு முன்

பழைய கணினியில் வைஃபை வரவில்லை என்று கடைக்குத் தூக்கிப் போனால் பல இடங்களில் கிடைக்கும் முதல் பதில், "ஃபார்மட் அடிச்சிடலாம் சார், சரியாயிடும்" என்பதுதான். வைஃபை கோளாறுக்கு ஃபார்மட் பெரும்பாலும் மருந்தே இல்லை. சில சமயம் இருப்பதையும் கெடுத்துவிடும். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய லேப்டாப்பில் இருக்கும் வைஃபை டிரைவரை (வைஃபை கார்டையும் விண்டோஸையும் பேச வைக்கும் மென்பொருள்), அதைச் செய்த கம்பெனியே தன் தளத்திலிருந்து எடுத்திருக்கலாம். அதை அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றினால், டிரைவர் இல்லாததால் நெட் வராது. நெட் இல்லாததால் டிரைவரை இறக்க முடியாது.

இப்போது வரும் கேஸ்களில் பாதிக்கு மேல், கணினி அப்படியேதான் இருக்கிறது, மாறியது ரவுட்டர். செம்புக் கம்பி இணைப்பு போய் ஃபைபர் வந்தது. சுவரில் வெள்ளைப் பெட்டி மாட்டினார்கள். போனில் நெட் பறக்கிறது, டிவியில் படம் ஓடுகிறது, நேற்றுவரை ஒழுங்காக இருந்த லேப்டாப் மட்டும் முழிக்கிறது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பெட்டிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடுகின்றன. அவற்றுக்கும் அந்தக் காலத்தில் கடையில் வாங்கியவற்றுக்கும் பிரச்சினை ஒன்றேதான். 2009-ல் இறுதி வடிவம் பெற்ற 802.11என் என்ற பழைய வைஃபை முறைக் காலத்துக் கார்டு ஒரு பக்கம், வைஃபை 6 ரவுட்டர் மறுபக்கம். இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள நாம்தான் கொஞ்சம் வழி செய்து தர வேண்டும்.

அதனால் ஸ்குரூடிரைவரையோ சிடியையோ தொடுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை. ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் போய் பேண்டை (அலைவரிசை) 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றும், பாதுகாப்பை டபிள்யூபிஏ2 (வைஃபையைப் பூட்டும் முறை) என்றும் மாற்றிவிட்டு, லேப்டாப்பை அதில் இணைத்துப் பாருங்கள். ஐபோன் என்றால் பர்சனல் ஹாட்ஸ்பாட்டில் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதை ஆன் செய்தால் அதுவே 2.4-க்கு இறங்கிவிடும். லேப்டாப் சட்டென்று இணைந்து நெட்டும் வந்தால், கார்டு, டிரைவர், ஆண்டெனா எல்லாம் நலம்; வேலை ரவுட்டரில்தான். ஹாட்ஸ்பாட்டிலும் இணையாவிட்டால் லேப்டாப்பைப் பிரிக்கலாம். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

அடுத்து, 'வைஃபை வரல' என்ற புகாரைக் கொஞ்சம் பிரித்துக் கேட்க வேண்டும். ரவுட்டரின் பெயரே பட்டியலில் தெரியவில்லையா? பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு போட்டால் ஏற்கவில்லையா? இணைந்துவிட்டது, பக்கம் திறக்கவில்லையா? எல்லாம் வருகிறது, அரைமணிக்கொரு தரம் அறுந்துபோகிறதா? நான்கும் நான்கு வியாதி. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு உதவாது.

பெயரே தெரியாத கேஸ்

இதில் முதல் சந்தேகம் பேண்ட். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (கணினியின் உறுப்புகளைப் பட்டியலிடும் இடம்) 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' கிளையைத் திறந்து கார்டின் பெயரைப் படியுங்கள். இன்டெல் கார்டுகளுக்குப் பெயரே ஜாதகம். 'சென்ட்ரினோ வயர்லெஸ்-என்' என்றிருந்தால் 2.4 மட்டும். 'சென்ட்ரினோ அட்வான்ஸ்டு-என்' என்றிருந்தால் 2.4, 5 இரண்டும். அதற்கு முந்தைய கார்டுகளில் பெயரின் வாலில் 'பிஜிஎன்' அல்லது 'ஏஜிஎன்' என்று இருக்கும். அந்த 'ஏ' இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அத்தெரோஸ் ஏஆர்9285, பிராட்காம் பிசிஎம்4313, ரியல்டெக் ஆர்டிஎல்8188சிஇ ஆகிய மூன்றும் அந்தக் கால மலிவு விலை லேப்டாப்களில் நிறையவே வந்தன, மூன்றுமே 2.4 மட்டும்தான். இவற்றிடம் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் காட்டச் சொன்னால், எந்த டிரைவரைப் போட்டாலும் காட்டாது.

ரவுட்டரை மாட்ட வந்தவர் 2.4-ஐ அணைத்துவிட்டுப் போயிருக்கலாம், அல்லது இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து எந்த பேண்ட் என்பதை ரவுட்டரே முடிவு செய்யும் 'பேண்ட் ஸ்டியரிங்' முறையில் விட்டிருக்கலாம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) போன் பிரவுசரில் உள்ளே போங்கள். 2.4-ஐத் தனியாக ஆன் செய்து, அதற்கென்று வேறு பெயர் கொடுங்கள். வீட்டுப் பெயர்கூடப் போதும். தமிழ் எழுத்து, எமோஜி மட்டும் வேண்டாம். பழைய விண்டோஸ் அவற்றைக் கொத்துக்கறி போட்டுக் காட்டும்.

2.4 ஆன் ஆகித்தான் இருக்கிறது, ஆனாலும் தெரியவில்லை என்றால் சேனலைப் பாருங்கள். இந்தியாவில் 2.4 பேண்டில் 1 முதல் 13 வரை அனுமதி உண்டு. அமெரிக்கச் சந்தைக்கென்று அமைத்த கார்டுகளுக்கு 11 வரைதான் கண் தெரியும். ரவுட்டர் சேனலை 'ஆட்டோ'வில் விட்டால் ஏதோ ஒரு நாள் 12-க்கோ 13-க்கோ தாவும். அன்று லேப்டாப்பில் பெயர் மறையும். ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் திரும்ப வரும். "சில நாள் வருது, சில நாள் வரல" என்ற புகாருக்குப் பின்னால் பல சமயம் இதுதான் இருக்கும். ஆட்டோவை எடுத்துவிட்டு 1, 6, 11-ல் ஒன்றை நிலையாக வையுங்கள். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் இந்த மூன்றும்தான். அக்கம்பக்கத்தில் எது காலி என்று போனில் ஏதாவதொரு வைஃபை அனலைசர் செயலி காட்டும். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அபார்ட்மென்ட் நெரிசலில் 40 போட்டால் உங்களுக்கும் பயனில்லை, பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவு.

இன்னொரு காரணம் அவ்வளவாக யாருக்கும் தெரிவதில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் தெரிந்த 7260, 3160 போன்ற இன்டெல் கார்டுகள்கூட, பழைய டிரைவரோடு இருந்தால் வைஃபை 6 முறையில், அதாவது 802.11ஏஎக்ஸில், ஓடும் நெட்வொர்க்கைப் பட்டியலிலேயே காட்டாது. பக்கத்து வீட்டுப் பெயரெல்லாம் தெரியும், சொந்த வீட்டுப் பெயர் மட்டும் தெரியாது. இதை இன்டெலே ஒப்புக்கொண்டு டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னது. புதுப்பிக்க வழியில்லை என்றால் ரவுட்டரில் 2.4-க்கு மட்டும் 'ஏஎக்ஸ்' முறையை அணைத்து 'பி/ஜி/என்' என்று வைத்துவிடுங்கள். போன்கள் 5-ல் ஓடிக்கொள்ளும். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

எந்தப் பெயரும், பக்கத்து வீட்டுப் பெயர்கூட, தெரியவில்லையா? அப்படியானால் ரேடியோவே அணைந்திருக்கிறது. லேப்டாப்பின் முன் விளிம்பிலோ பக்கவாட்டிலோ சின்னத் தள்ளு பொத்தான் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துணியால் துடைக்கும்போது தள்ளுப்பட்டிருக்கும். பொத்தான் இல்லையென்றால் எஃப்என் விசையோடு ஆண்டெனா படம் போட்ட விசையை அழுத்துங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். வித்தை மாதிரித் தோன்றும். ஆனால் விசைப்பலகையையும் வைஃபை சுவிட்சையும் கவனிக்கும் குட்டிச் சில்லு சில சமயம் குழம்பி நிற்கும். மின்சாரம் முழுக்க வடிந்தால்தான் அது தெளியும். விண்டோஸை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அந்தச் சில்லுக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். கடைசியாக 'சர்வீசஸ்' பட்டியலில் 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' ஓடுகிறதா, 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். கணினியை வேகமாக்குகிறேன் என்று கிளம்பும் 'கிளீனர்' மென்பொருள்கள் இதை நிறுத்திவைப்பதுண்டு.

பாஸ்வேர்டு சரி, ஆனாலும் ஏற்கவில்லை

இங்கே குற்றவாளி பெரும்பாலும் டபிள்யூபிஏ2-க்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3. விண்டோஸ் 10-ல் 2019-ல் வந்த 1903 பதிப்பிலிருந்துதான் அது உண்டு. அதுவும் டிரைவரும் ஒத்துழைத்தால். விண்டோஸ் 7-க்கு அது கிடையாது. ரவுட்டரில் 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்றிருந்தால் கதவு மூடியதுதான். 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு' என்று வைத்தாலும் சில பழைய டிரைவர்கள் அந்த அறிவிப்பைப் படிக்கத் தெரியாமல் தடுமாறும். பக்கத்தில் 'பிஎம்எஃப்' (இணைப்பின் கட்டுப்பாட்டுச் செய்திகளைக் காப்பது) என்ற அமைப்பு இருந்தால், அது 'ரிக்வயர்டு' என்று இருக்கக் கூடாது. 'ஆப்ஷனல்' ஆக்குங்கள் அல்லது அணையுங்கள்.

வீட்டு நெட்வொர்க் முழுவதையும் ஒரு கிழ லேப்டாப்புக்காக இறக்க மனசில்லை என்றால் அழகான வழி ஒன்று இருக்கிறது: 'கெஸ்ட் நெட்வொர்க்', அதாவது விருந்தாளிகளுக்கான தனி வைஃபை. பல ரவுட்டர்களில் அதற்குத் தனிப் பாதுகாப்பு முறை தேர்ந்தெடுக்கலாம். 2.4-ல் மட்டும், டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் போட்டு, லேப்டாப்பை அதில் விடுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன இயங்குதளத்தை வீட்டின் மற்றக் கருவிகளிலிருந்து பிரித்து வைத்ததும் ஆயிற்று. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஒரே ஒரு குறை: கெஸ்ட்டில் இருக்கும் லேப்டாப்புக்கு வீட்டு பிரிண்டர் தெரியாது.

'டிகேஐபி' என்ற பழைய குறியாக்க முறையை எங்காவது பார்த்தால் தொடாதீர்கள். பாதுகாப்பில் ஓட்டை என்பது ஒருபுறம் இருக்கட்டும். டிகேஐபியோ அதைவிடப் பழைய டபிள்யூஇபியோ போட்டால் 802.11என் வேகம் கிடைக்காது, 54 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். விண்டோஸ் எக்ஸ்பியில் மூன்றாம் சர்வீஸ் பேக் இருந்தாலே டபிள்யூபிஏ2 வேலை செய்யும். அதற்காக டபிள்யூஇபிக்கு இறங்க வேண்டியதில்லை.

புது ரவுட்டருக்குப் பழைய பெயரையே வைத்திருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. லேப்டாப் பழைய பெயருக்கான பாஸ்வேர்டையும் பாதுகாப்பு முறையையும் நினைவில் வைத்திருக்கும். பொருந்தாமல் போகும், ஆனால் புதிதாகக் கேட்கவும் செய்யாது. அந்தப் பெயரை 'ஃபர்கெட்' செய்துவிட்டு முதலிலிருந்து இணையுங்கள்.

இணைந்தது, நெட் வரவில்லை

படி படியாக ஏறிப் பார்க்க வேண்டிய இடம் இது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுங்கள். ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பித்தால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, விண்டோஸ் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். பாஸ்வேர்டு ஒப்புக்கொள்ளப்பட்டும் இப்படி ஆகும். யாரோ என்றைக்கோ கையால் நிலையான ஐபி போட்டு வைத்திருந்தால் முகவரி வேறு வரிசையில், பழைய ரவுட்டரின் கணக்கில் இருக்கும். அடாப்டர் அமைப்பில் ஐபிவி4-க்குள் போய் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள்.

முகவரி சரியாக இருந்தால், முதலில் ரவுட்டரின் முகவரியைப் பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) செய்யுங்கள். பதில் வந்தால் வைஃபை வேலை செய்கிறது. அதற்குமேல் வைஃபையைக் குறை சொல்லாதீர்கள். அடுத்து இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8-ஐப் பிங் செய்யுங்கள். அதற்கும் பதில் வந்து, தளத்தின் பெயரைப் பிங் செய்தால் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவையில். அதையும் ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள், அல்லது கையால் 8.8.8.8 போடுங்கள்.

எல்லாப் பிங்கும் வருகிறது, ஆனால் பிரவுசர் மட்டும் 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று பக்கத்துக்குப் பக்கம் கத்துகிறதா? திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். 2009 ஜனவரி 1 என்று இருக்கும்! தாய்ப்பலகையில் இருக்கும் காசு போன்ற பேட்டரி, சிஆர்2032, செத்துவிட்டது. மின்சாரம் போன ஒவ்வொரு முறையும் கடிகாரம் பிறந்த தேதிக்குத் திரும்புகிறது. இன்றைய தளங்களின் சான்றிதழ்கள் (தளம் உண்மையானது என்று காட்டுபவை) 2009-ல் 'இன்னும் தொடங்காதவை', பிரவுசர் மறுக்கிறது. பார்ப்பவருக்கு 'நெட் இல்லை' என்று தோன்றும். தேதியைத் திருத்தினால் உடனே திறக்கும், கரண்ட் போனால் மறுபடி அதே கதை. டெஸ்க்டாப்பில் பக்கமூடியைக் கழற்றினால் வெள்ளிக்காசு பளிச்சென்று தெரியும். பக்கவாட்டுக் கொக்கியை நகத்தால் தள்ளினால் எழும்பும், ப்ளஸ் எழுத்து மேலே பார்க்கப் புதியதை அழுத்தினால் முடிந்தது. லேப்டாப்பில் அதே காசு கறுப்புப் பிளாஸ்டிக் உறைக்குள், இரண்டு ஒயரோடு சின்ன கனெக்டரில் இருக்கும். அதே மாதிரி கனெக்டரோடு கேட்டு வாங்குங்கள். ஒயரைக் காசின்மேல் நேராகச் சால்டர் செய்யப் பார்க்காதீர்கள், சூட்டில் வெடிக்கக்கூடும்.

தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் சான்றிதழ்ப் பட்டியல் பழசு. 2021 செப்டம்பர் 30-ல் ஒரு முக்கிய மூலச் சான்றிதழ் காலாவதியானது. அதன் பின் புதுப்பிக்காத கணினிகளில் ஏராளமான தளங்கள் அடைபட்டன. ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்களைத் தானே சுமந்து வருவதால், விண்டோஸ் 7-ல் ஃபயர்ஃபாக்ஸ் 115-இன் நீட்டித்த ஆதரவுப் பதிப்பு இங்கே கை கொடுக்கும். குரோம் விண்டோஸ் 7-ல் 109-உடன் நின்றுவிட்டது.

அறுந்து அறுந்து வருவது

டிவைஸ் மேனேஜரில் கார்டின் பண்புகளில் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலுக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்தக் கார்டை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுங்கள். தூங்கி எழுந்த லேப்டாப்பில் வைஃபை வராத கேஸ்களில் பலவும் இதோடு முடிந்துவிடும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஆரம்பித்த தொந்தரவு என்றால் 'டிரைவர்' தாவலில் 'ரோல் பேக்' பாருங்கள். பழைய கார்டுகளுக்குப் புது டிரைவரைவிட, லேப்டாப் வாங்கிய காலத்து டிரைவரே நன்றாக ஓடுவதுண்டு.

சிக்னலை அளக்கக் கோடுகளை நம்பாதீர்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட்எஸ்எச் கட்டளையின் டபிள்யூலேன் பகுதியில் 'ஷோ இன்டர்ஃபேசஸ்' கேட்டால் சதவீதம் சொல்லும். 100 என்றால் -50 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு), 0 என்றால் -100; நடுவில் சீராக இறங்கும். ஆக 60 சதவீதம் என்பது -70. அதுவரை கவலையில்லை. 40-க்குக் கீழே போனால் வீடியோ திணறும். ரவுட்டர் பரண்மேல் பித்தளை அண்டாவுக்குப் பின்னாலோ இரும்பு பீரோவின் தலையிலோ இருந்தால் முதலில் அதை இறக்குங்கள். உலோகமும் தண்ணீரும் இந்த அலைக்கு எதிரி.

ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறது, இரண்டு அடி நகர்ந்தால் செத்துப்போகிறது என்றால் ஆண்டெனா ஒயர் கழன்றிருக்கிறது. கீபோர்டு மாற்றினார்கள், கீல் சரி செய்தார்கள், ஃபேன் சுத்தம் செய்தார்கள் என்பதற்குப் பிறகு வரும் கோளாறு இது. பேட்டரியைக் கழற்றி, அடிமூடியைத் திறந்தால் தீப்பெட்டி அளவுக்குச் சற்றுச் சிறிய பச்சைப் பலகை ஒன்று இரண்டு திருகில் நிற்கும். அதுதான் மினி பிசிஐஇ வைஃபை கார்டு. அதன் விளிம்பில் தங்க நிறத்தில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, இரண்டு பித்தான்கள். கறுப்பு ஒயர் ஒன்றில், வெள்ளையோ சாம்பலோ மற்றதில். இரண்டும் கீல் வழியாக மேலே ஏறித் திரைச்சட்டத்தின் உச்சியில் ஆண்டெனாத் தகட்டில் முடிகின்றன. ஒன்று கழன்று பக்கத்தில் கிடக்கும். அதைப் பித்தானுக்கு நேர்மேலாக வைத்து, சாய்க்காமல், நகத்தால் அழுத்தினால் விரலுக்கு ஒரு சின்ன 'டக்' தெரியும். தெரியாவிட்டால் உட்காரவில்லை. சாய்த்து அழுத்தினால் நடு ஊசி நசுங்கும். இந்த வகைக் கனெக்டர் ஏறத்தாழ 30 தடவை மாட்டிக் கழற்றத்தான் செய்யப்பட்டது. விளையாட்டாகப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். ஒரே பித்தான்தான் வேலை செய்யும் கார்டு என்றால் 'மெயின்' என்று குறித்த 1-ஆம் எண்ணில் ஒயரை மாட்டுங்கள்.

டெஸ்க்டாப்பில் வைஃபை டாங்கிளை (யுஎஸ்பியில் செருகும் குட்டி வைஃபை கருவி) கேபினட்டின் பின்புறம் செருகிச் சுவரோடு ஒட்டி வைத்தால், முழு இரும்புப் பெட்டியும் அதற்கும் ரவுட்டருக்கும் நடுவே நிற்கிறது. ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு ஒயரில் மேசைமேல் கொண்டு வாருங்கள். நீல நிற யுஎஸ்பி 3.0 பொந்துக்குப் பக்கத்தில் 2.4 டாங்கிளைச் செருகாதீர்கள்; யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது எழும் இரைச்சல் சரியாக அந்த அலைவரிசையில் விழுகிறது. பென்டிரைவில் படம் காப்பி ஆகும்போது மட்டும் நெட் அறுந்தால் இதுதான்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றை ஆண்டெனா 802.11என் கார்டு 20 மெகாஹெர்ட்ஸில் காட்டும் உச்ச இணைப்பு வேகம் 72 எம்பிபிஎஸ். கையில் கிடைப்பது அதில் பாதி. 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் இந்த லேப்டாப் 35 காட்டினால் அது கோளாறே அல்ல. கஸ்டமர் கேரில் சண்டை போட வேண்டாம்.

கார்டு உண்மையிலேயே செத்திருந்தால்

டிவைஸ் மேனேஜரில் பெயரே இல்லை, கழற்றி மாட்டியும் வரவில்லை என்றால் புதிது வாங்கலாம். உள்ளே போடும் கார்டு வாங்குமுன் எச்சரிக்கை: ஹெச்பி, லெனோவோவின் பல பழைய மாடல்களில் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதில் இல்லாத கார்டைப் போட்டால் ஆன் செய்ததும் அங்கீகரிக்கப்படாத கார்டு என்று சொல்லி நின்றுவிடும். திங்க்பேடில் இந்தப் பிழையின் எண் 1802. அந்த மாடல்களுக்கு யுஎஸ்பி டாங்கிள்தான் நிம்மதி. 150 எம்பிபிஎஸ் நானோ டாங்கிள் 2.4 மட்டும் தெரிந்தது. கொஞ்சம் கூடக் கொடுத்து 'ஏசி600' என்று போட்ட இரட்டை பேண்ட் வாங்கினால் 5-க்கும் போகலாம். பெட்டியில் உங்கள் விண்டோஸ் பதிப்பு எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டிரைவரை இறக்க நெட் வேண்டுமே என்றால் போனை யுஎஸ்பி ஒயரில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் தாங்கள் வைஃபையில் இருந்தாலும் அதையே ஒயர் வழியாகக் கொடுக்கும், டேட்டா செலவாகாது. அதாவது போனே டாங்கிள். நாலு நாள் அவசரத்துக்கு இதுவே தாராளம்.

டிரைவர் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு, அட்டாலியில் கிடக்கும் பழைய ரவுட்டரில் 'கிளையன்ட்' அல்லது 'ரிப்பீட்டர்' முறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது புது ரவுட்டரின் வைஃபையைப் பிடித்து லேன் ஒயரில் கொடுக்கும். கணினிக்கு அது வெறும் கேபிள் நெட். எக்ஸ்பியாக இருந்தாலும், லினக்ஸாக இருந்தாலும் கவலையில்லை. கடையில் விற்கும் ரிப்பீட்டரிலும் லேன் பொந்து உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இதே வேலையைச் செய்யும். ஒயரைச் செருகியதும் லேப்டாப்பின் லேன் பொந்தில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையென்றால், வேறெதையும் தொடாமல் முதலில் ஒயரை மாற்றுங்கள்.